திட்ட விலக்கம்

ஐந்து மணிக்குள் வந்து சேர்ந்தவை நாற்பத்திரண்டு.
மஞ்சக்குப்பத்தில் மழை; கரண்ட் போவதும் வருவதுமாக.
மொபைலைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து
விடைத்தாள்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

நான்காம் கேள்வி:
துறைமுகத்தில் பத்து நாள் மத்தி வரத்து, கூடைக் கணக்கில்.
திட்ட விலக்கம் காண்க.

முதல் தாளில்
ஏழின் வர்க்கம் தொண்ணூற்று நான்கு.
அவசரத்தில் எண் புரண்டிருக்கும், பாவம்.
இரண்டாவதிலும் தொண்ணூற்று நான்கு.
பச்சை ஜெல் பேனா, ஸ்கேல் வைத்த அடிக்கோடு,
உச்சியில் பிள்ளையார் சுழி,
யாரோ ஒருவன் தாளில் டீ வட்டம்.
கையெழுத்து மட்டும் அவரவருடையது.
விடை நாற்பத்தோரு பேருக்கும் 6.36.

தொழில் புத்தி விடவில்லை, கணக்கிட்டுப் பார்த்தேன்:
நாற்பத்தோரு விடைகளின் திட்ட விலக்கம்
பூஜ்யம்.

இதே பிள்ளைகள்தான்.
காலை ஒன்பதுக்குக் கறுப்புக் கட்டங்களாக வந்து
பெயரை மட்டும் உட்காரவைத்துவிட்டுப் போகிறவர்கள்.
'கேக்குதா?' என்றால்
ஒருவர் அடிக்கும் 'கேக்குது மேம்'
பத்துப் பேரிடம் எழுத்துப் பிசகாமல் இறங்கும்.
ஒருநாள் வேண்டுமென்றே
கெடிலத்தில் முதலை சராசரியை விழுங்கிவிட்டது என்றேன்.
'புரிஞ்சுது மேம்.'
பதினாறு பேருக்குப் புரிந்திருந்தது.

ஒரே ஒரு முறை உயிர்ச் சத்தம் கேட்டது.
யாருடைய மைக்கோ திறந்துகொண்டு
'முந்நூறு, முந்நூத்தம்பது, நானூறு' என்று
வகுப்பு முழுக்க மீன் ஏலம்.
'யாரது, ம்யூட் பண்ணுங்க' என்றேன்.
சோனாங்குப்பம் அடங்கிப் போனது.

துறைத் தலைவருக்குக் கடிதம் தட்டினேன்.
கூட்டுக் காப்பி, ஒழுங்கு நடவடிக்கை, நாற்பத்தோரு பூஜ்யம்.
ஆதாரம் வேண்டுமே.
தொண்ணூற்று நான்கு எங்கிருந்து கிளம்பியது என்று தேட
என் ஸ்லைடுகளையே திறந்தேன்.

பதினேழாவது.
அதே மத்தி, அதே பத்து நாள்.
தேர்வுக்காக ஓர் எண்ணைக்கூட நான் மாற்றியிருக்கவில்லை.
அதே ஏழு,
அருகில் தடித்த எழுத்தில் தொண்ணூற்று நான்கு.
கீழே வலது மூலையில்
'தயாரிப்பு: கு. மணிமொழி, கௌரவ விரிவுரையாளர்'.

தயாரிக்கவில்லை.
சிதம்பரத்தில் கூடப் படித்தவள் அனுப்பியது.
அவளுக்கு யார் அனுப்பினார்களோ.
அவள் பெயரை அழித்து என் பெயர் போட
ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?
மணிக்கணக்குக் கூலி, மூன்று பேப்பர், இரண்டு கல்லூரி என்று
எனக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது.
அவர்களிடமும் இருக்கும்.

நாற்பத்திரண்டாவது தாளை
அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன்.
தமயந்தி, வரிசை எண் இருபத்தொன்பது.
மூன்று இடத்தில் அடித்தல். போட்டோவில் பாதி அவள் நிழல்.
விடை ஆறு. பிசிறில்லாத ஆறு.
பக்கவாட்டில் பென்சிலில்:
'மேம், ஏழேழு நாப்பத்தொம்பதுதானே?
ஸ்லைடுல வேற இருந்துச்சு.
அன்னிக்கே கேக்கத்தான் மைக்க ஆன் பண்ணேன்.
ஏலச் சத்தம் வந்துருச்சு, சாரி.'

மறுநாள் ஒன்பது மணி.
கடிதம் டிராஃப்டில் கிடக்கிறது. மதிப்பெண் கட்டங்கள் காலி.
என்ன போடுவது என்று இன்னும் தெரியவில்லை,
அவர்களுக்கும், எனக்கும்.
பதினேழாம் ஸ்லைடைத் திரையில் வைத்து
'இது நான் போட்ட கணக்கு இல்ல. தப்பாவும் இருக்கு' என்றேன்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
கட்டங்கள் கறுப்பாகவே இருந்தன.
வெகுநேரம் கழித்து ஒரு மைக் திறந்தது.
முதலில் வந்தது ஏலம்:
ஐநூறு, ஐநூத்தம்பது.

காத்திருந்தேன்.